திருவலஞ்சுழி வரையில்

நின்றுபோன மோட்டார் சைக்கிளுக்கு ஓர் அபூர்வ சக்தி இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அதை ஏறிட்டும் பாராத ஜனங்கள், அது சாலை ஓரத்தில் நின்ற மறு நிமிஷமே யந்திர சாஸ்திர நிபுணர்களாகிவிடுகிறார்கள். 2025-ஆம் வருஷத்துத் தை மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்குப் போகும் வழியில், திருவலஞ்சுழிக்கு அருகில் நாம் இந்த உண்மையைக் கண்டுகொண்டோம்.

பால்காரர் ஒருவர் இறங்கி வந்து, "பிளக் அடைத்திருக்கும்" என்றார். டீக்கடைக்காரர், "பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும்" என்றார். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் வண்டியைச் சுற்றி வந்து, "செயின் சரியில்லை" என்று தீர்ப்புச் சொன்னான். செயினுக்கும் வண்டி நின்றதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அவன் சொன்ன தோரணையில் நமக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. வேஷ்டி கட்டிய பெரியவர் ஒருவர் மட்டும் வண்டியைப் பார்க்கவே இல்லை. நம் நரைத்த தலையைப் பார்த்து, "இந்த வயசில் உமக்கு இது எதற்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று கேட்ட கேள்விகளில் யோசிக்கத்தக்கது அது ஒன்றுதான்.

திருவலஞ்சுழியில் கோயில் கொண்டிருப்பவர் வெள்ளைப் பிள்ளையார். பாற்கடலைக் கடையப் புறப்பட்ட தேவர்கள் பிள்ளையாரை மறந்து ஆரம்பித்ததனால் காரியம் தடைப்பட்டதென்றும், பிறகு கடல் நுரையாலேயே பிள்ளையார் பிடித்துப் பூஜை செய்தார்கள் என்றும் ஸ்தல புராணம் சொல்லுகிறது. தேவர்களுக்கே அந்தக் கதி என்றால், காலையில் காப்பி குடித்த வேகத்தில் கிளம்பிய நமக்கு என்ன நடக்கும்? டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தோம், இன்னொன்றும் குடித்தோம். அரை மணி ஆயிற்று. எழுந்து போய் ஓர் உதை உதைத்தோம். பள்ளிக்கூடம் போகும் வேளையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட பையன், பத்து மணிக்கு எழுந்து பந்து விளையாடுகிறானே, அதைப் போல நம் வண்டி ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே இடத்தில் நின்றது. அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. டீக்கடைக்காரர் நம்மைக் கண்டதும் கேளாமலே டம்ளரை எடுத்து வைக்கும் அளவுக்குச் சிநேகம் வளர்ந்துவிட்டது.

வண்டியின் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறோம். அது நம் தகப்பனார் 1969-இல் வாங்கியது. அவர் கால்நடை வைத்தியர். பாபநாசம், வலங்கைமான், குடவாசல் என்று கிராமம் கிராமமாகச் சுற்றியவர். கன்று போட முடியாமல் தவிக்கும் பசுவுக்காக நள்ளிரவில் ஆள் வந்து கதவைத் தட்டினால், அரை அடி சேற்றில் இந்த வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு போவார். 1997-இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் பதினைந்து வருஷ காலம் வண்டியை ஓட்டினார். பின்பு கண் மங்கிற்று; வண்டி தொழுவத்தில் ஒரு சாக்குக்கு அடியில் நின்றது. சென்ற வருஷங்களில் நாம் ஊரோடு வந்து தங்கிய பிறகுதான் சாக்கை எடுத்தோம்.

எந்தக் கம்பெனியின் வண்டி என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்வதாக இல்லை. ஐம்பத்தாறு வருஷம் உழைத்துவிட்டுத் தள்ளாமையினால் இருமுகிற ஒன்றைப் பற்றி, அதைப் பெற்றவர்களிடம் போய்ப் புகார் சொல்வது நியாயமல்ல. ஆனால் பொதுவாக ஒரு விஷயம் சொல்லலாம். ஒரு காலத்தில் நம் நாட்டில் ஓடிய மோட்டார் சைக்கிள் எல்லாம் கப்பலில் வந்தவை. 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா என்ற கம்பெனி ஏற்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்யத் தொடங்கிற்று. 1961-இல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை உற்பத்தியை ஆரம்பித்து, 1996 வரையில் நடந்தது. புல்லட்டை முதலில் செய்த இங்கிலீஷ் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடிப்போயிற்று. திருவொற்றியூரில் மட்டும் அந்த வண்டி விடாமல் பிறந்துகொண்டிருந்தது. இதனால் ஒரு பெரிய நன்மை உண்டு. அந்தக் காலத்து வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மேஸ்திரிகள் தஞ்சை ஜில்லாவில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே அபிப்பிராயம் உள்ளவர்கள் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

முதல் மேஸ்திரி கார்புரேட்டரைக் கழற்றி, அதன் துவாரங்களை ஊதிச் சுத்தம் செய்தார். காற்றையும் பெட்ரோலையும் கலந்து யந்திரத்துக்கு ஊட்டும் பாத்திரம் அது; அதன் ஜெட் என்ற துவாரம் ஊசிக் காதளவுதான் இருக்கும். அதில் மணலளவு துரு அடைத்தாலும் போதும், வண்டி பட்டினி கிடக்கும். ஆகையால் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. வண்டி திருவலஞ்சுழியில் நின்றது. இரண்டாவது மேஸ்திரி, குற்றம் பெட்ரோலிலே என்றார். இதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. நம் வண்டி பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 2000-ஆம் ஆண்டோடு அது ஒழிந்தது. 2025-இல் பங்க்கில் ஊற்றிய பெட்ரோலிலோ நூற்றுக்கு இருபது பங்கு வரையில் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊறவைத்து இளக்கும். அதில் பிராணவாயு அடங்கியிருப்பதால், பழைய கார்புரேட்டர் பழைய கணக்குப்படி ஊட்டினால் யந்திரத்துக்குக் கிடைக்கும் ஆகாரம் கொஞ்சம் சத்துக் குறைந்துவிடும். அவர் ரப்பர்க் குழாயை மாற்றினார். ஜெட்டை ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டார். கையோடு பிளக்கையும் மாற்றினார். காற்றுச் சல்லடையையும் மாற்றினார். வண்டி திருவலஞ்சுழியில் நின்றது. மூன்றாவது மேஸ்திரி வண்டியைத் தொடவே இல்லை. தூர நின்று முகவாயைத் தடவிக்கொண்டு, "போர் போட்டுவிடலாம், ஸார்!" என்றார். சிலிண்டரைக் குடைந்து புதுப் பிஸ்டன் போடுவதைத்தான் அப்படிச் சொல்லுகிறார்கள். அதற்கு ஆகும் செலவையும் சொன்னார். நாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இதற்குள் பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆகிவிட்டது.

பெங்களூரிலிருக்கும் நம் தம்பி ஒவ்வொரு வாரமும் டெலிபோனில் பேசுவது வழக்கம். அவன் கணக்குத் தெரிந்தவன். "அண்ணா! பழைய வண்டிகளைச் சேகரிக்கிறவர் ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்லுகிறார். ஆவணியோடு பதிவு முடிகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரி முன்னால் கொண்டுபோய் ஓட்டிக் காட்ட வேண்டாமா? வழியிலேயே நின்றால் எப்படிக் காட்டுவாய்? அதற்குள் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நம்மால் மறுக்க முடியவில்லை. நடு ரோட்டில் லாரிகளுக்கு இடையே நின்றுபோகிற வண்டியை, ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டுவது விவேகமும் அல்ல. சரி, அவருக்கே எழுதிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

அன்று இரவு நம் இல்லத்தரசி சாப்பாடு பரிமாறும்போது சொன்னாள்: "விற்பதானால் விற்றுவிடுங்கள். எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று கவனித்தீர்களோ? மாமாவுக்கு, 'ரஸமா, மோரா?' என்று பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழுவதில்லை. நீங்கள் வாசலில் வண்டியை உதைத்தால் மட்டும் கொல்லையிலிருந்து எழுந்து வருகிறார்."

நாம் கவனிக்கவில்லை. மறுநாள் கவனித்தோம். வாஸ்தவந்தான்.

தகப்பனாருக்கு அப்போது வயது 86. காது மந்தமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. காதில் வைத்துக்கொள்ளும் கருவி ஒன்று வாங்கினோம். அது வீல் என்று கத்துகிறது என்று சொல்லி, அலமாரியில் வைத்துவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் காகிதத்தில் எழுதிக் காட்டுவோம். வாயால் பதில் சொல்லுவார். வர வர அதுவும் குறைந்து, தலையை ஆட்டுவதோடு நிறுத்திக்கொண்டிருந்தார். வயோதிகத்தில் காது மந்தமாகும்போது, கீச்சென்ற மேல் ஸ்தாயி ஓசைகள்தான் முதலில் மறையும் என்றும், தாழ்ந்த ஓசைகள் வெகு நாள் தங்கும் என்றும் வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். மனிதப் பேச்சில் அர்த்தத்தைப் பிரித்துக் காட்டுகிற எழுத்தோசைகள் பல மேல் ஸ்தாயியில் இருப்பவை. அவை போய்விட்டால் பேச்சு வெறும் முணுமுணுப்பு. ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் அடியோ தவிலைப் போன்றது. உலகத்தில் அவருக்கு முழுசாகக் கேட்கக்கூடிய சில சப்தங்களில் அது ஒன்றாக மிஞ்சியிருந்தது. கோயம்புத்தூருக்கு எழுத எடுத்த காகிதத்தில் வேறு விஷயம் எழுதினோம்: "வண்டி ஆறு கிலோ மீட்டரில் நின்றுபோகிறது. மூன்று மேஸ்திரிகள் பார்த்தாயிற்று."

அதை வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நின்றால், எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்புகிறது?" என்று கேட்டார்.

அரை மணி என்று எழுதினோம்.

"எப்படி நிற்கிறது? மூச்சுத் திணறி நிற்கிறதா, கழுத்தை நெறித்தாற்போல் நிற்கிறதா?"

நமக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினோராயிரம் ரூபாய் செலவழித்த பிறகும், மூன்று மேஸ்திரிகளில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை, நாமும் யோசிக்கவில்லை. அவருக்கு நம் மேல் கோபமோ பரிதாபமோ, உள்ளே போய்ப் பழைய நோட்டுப் புஸ்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். மாட்டு வைத்தியத்துக்குச் சுற்றுப் பிரயாணம் போன காலத்தில் எழுதியது. இடது பக்கத்தில் மாடுகளின் வியாதி. வலது பக்கத்தில் வண்டியின் வியாதி. தேதி, தூரம், அறிகுறி, கொடுத்தது, பலன் என்று கோடு போட்டிருந்தது. வாயில்லாப் பிராணிக்கு வைத்தியம் செய்கிறவன் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். ஒரே நாளில் குழாய், ஜெட், பிளக், சல்லடை நாலையும் மாற்றியது தெரிந்தபோது மட்டும் அவர் முகம் சுளித்தது.

"வலங்கைமான் பக்கத்தில் ஒரு பசு. 1974-ஓ, 75-ஓ. அவசரத்தில் இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டது. எது பிழைக்க வைத்தது என்று இன்றைக்கும் தெரியாது. அடுத்த வாரம் அதே வியாதியோடு வேறொரு பசு வந்தது. அப்போது என்னிடம் ஒரு மருந்துதான் இருந்தது."

அந்தப் பசு என்னவாயிற்று என்று நாம் எழுதிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று முதல் வாரம் ஒரு பரீட்சை. ஒன்றுக்கு மேல் கூடாது என்று உத்தரவு. முதல் வாரம் ஒன்றையும் தொடாமல் போய், நின்ற விதத்தை மட்டும் பார்த்து வந்தோம். இரண்டு மூன்று தடவை தும்மிற்று, சைலன்ஸரில் ஒரு வெடி, உடனே நின்றது. பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் படிப்படியாகச் சோர்ந்து நிற்கும். நெருப்புப் பொறி போதாவிட்டால்தான் இப்படிப் பட்டென்று நிற்கும் என்பது தகப்பனாரின் அனுபவம். ஆனால் அனுபவத்தை நம்பி ஒரு பரீட்சையையும் விட்டுவிடக் கூடாது என்பதும் அவருடைய அனுபவமே. ஆகவே, இரண்டாவது வாரம் வண்டி நின்றவுடன் பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறந்து பார்த்தோம். மூடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டுப் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று புகும். வண்டியும் உடனே கிளம்பும். நம் மூடி 'உஸ்' என்று சொல்லவில்லை, வண்டியும் கிளம்பவில்லை. மூன்றாவது வாரம், நின்ற இடத்தில் கார்புரேட்டரிலிருந்து குழாயைப் பிடுங்கினோம். பெட்ரோல் தாராளமாகக் கொட்டிற்று, நம் வேஷ்டியின் மேல். ஆகவே பட்டினி அல்ல.

நாலாவது வாரம் பிளக். அதைக் கழற்றி, ஒயரோடு சிலிண்டர் தலையில் படும்படி வைத்து உதைத்தால், முனையில் பொறி பறப்பது தெரியும். புறப்படும் முன் வீட்டில் பார்த்தபோது நீல நிறமாய்ப் 'பட், பட்' என்று கொழுத்த பொறி. திருவலஞ்சுழியில் வண்டி நின்ற மறு நிமிஷம், கையைச் சுட்டுக்கொண்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். மஞ்சள் நிறத்தில், நூலிழை போல, இருக்கிறேன் இல்லை என்று ஒரு பொறி.

அப்போதுதான் மேஸ்திரிகள் மூவரும் ஏன் ஏமாந்தார்கள் என்று விளங்கிற்று. அவர்களும் பொறியைப் பார்த்தவர்கள்தாம். ஆனால் நாம் வண்டியை அவர்களிடம் கொண்டுபோய் நிறுத்தும்போது அது ஆறி, கிளம்பி, சொஸ்தமாகி நின்றது. ஜுரம் இறங்கின பிறகு நோயாளியை அழைத்துக்கொண்டு போய், "ஜுரம் ஏன் வருகிறது?" என்று கேட்டது நம் பிசகு. இன்னொன்றும் உண்டு. வெளிக்காற்றில் பறக்கிற பொறி, சிலிண்டருக்குள்ளே அழுத்தப்பட்ட காற்றில் பறந்தே தீரும் என்று சொல்ல முடியாது. அழுத்தம் கூடக்கூட, பொறி தாண்டுவதற்கு வேண்டிய வோல்ட்டும் கூடும். வெளியே நூலிழையாய்த் தெரிந்தது உள்ளே ஒன்றுமில்லாமலே போயிருக்கும்.

தகப்பனாரிடம் இதை எழுதிக் காட்டியதும், "கண்டென்ஸர்!" என்றார். அதோடு, "இல்லாவிட்டால் காயில். முதலில் மலிவானதைப் பார்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கண்டென்ஸர் என்பது பாக்குத் துண்டளவுக்கு ஒரு தகர உருளை. அது செய்கிற வேலையை நம் பக்கத்து வாசகர்களுக்கு வாய்க்கால் பாஷையில் சொல்லலாம். வண்டியின் பாட்டரி கொடுப்பது 6 வோல்ட். பிளக்கின் முனையில் பொறி தாண்டுவதற்குப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இடையில் இருப்பது காயில் என்ற கம்பிச் சுருள். ஒரு சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால், பக்கத்துச் சுருளில் மின்சாரம் துள்ளி எழும் என்று 1831-இல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்தார். எவ்வளவு சட்டென்று நிறுத்துகிறோமோ, அவ்வளவு வேகத்தோடு எழும். அப்படி நிறுத்துகிற மதகுதான் பாயிண்ட் என்கிற இரண்டு உலோகக் குமிழ்கள். அவை விலகும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பாகம். யந்திரம் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், பிளக்குக்கு 1,500 தடவை பொறி வேண்டும். அத்தனை தடவையும் இந்த மதகு திறந்து மூட வேண்டும். ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று மதகு போட்டு நிறுத்தினால் என்ன ஆகும்? கரையை உடைத்துக்கொண்டு பாயும். மின்சாரமும் பாயிண்டுகளின் இடைவெளியை நெருப்பாகத் தாண்டிப் பாய்ந்துவிடும், நிறுத்தியும் நிறுத்தாததாகிவிடும். மதகுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை வெட்டி வைத்தால், பொங்கிய தண்ணீர் அதில் ஒரு கணம் ஒதுங்கும், கரை பிழைக்கும். அந்தக் குட்டைதான் கண்டென்ஸர். அதனுள்ளே சுருட்டியிருக்கும் மெல்லிய தகடுகளுக்கு நடுவே உள்ள காப்பு நைந்துபோனால், குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யும். யந்திரத்தின் சூடு ஏறியதும் ஒழுகும். ஆறினால் மறுபடியும் நல்ல பிள்ளையாகிவிடும்.

அன்று மாலை, இருட்டிய பிறகு, தொழுவத்தில் பாயிண்டுகளின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, சூடான வண்டியை உதைத்தோம். குமிழ்களுக்கு நடுவே மத்தாப்பு மாதிரி வெள்ளையும் நீலமுமாக நெருப்புப் பறந்தது. ஒரு குமிழில் பள்ளம், எதிர்க் குமிழில் மேடு, இரண்டும் கருகியிருந்தன. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி எல்லாம் இங்கே வீணாகிக்கொண்டிருந்தது. தகப்பனார் நம் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்த வெளிச்சம் அவர் கண்ணுக்கும் தெரிந்தது.

நூற்றெண்பது ரூபாய்க்குப் புதுக் கண்டென்ஸர் வாங்கிப் போட்டோம். பாயிண்டுகளையும் தீட்டி, இடைவெளி வைத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை திருவலஞ்சுழியைத் தாண்டினோம்! டீக்கடைக்காரர் டம்ளரும் கையுமாக நின்று பார்த்தார். சுவாமிமலை வரையில் போய், அறுபது படியும் ஏறி, முருகனைத் தரிசித்துவிட்டு வந்தோம். கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

ஒன்பதாவது நாள் தாராசுரத்தைக்கூடத் தாண்டவில்லை. தும்மல், வெடி, மௌனம். உண்மையைச் சொல்லுகிறோம்: அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மூன்று கிலோ மீட்டரில் நம் மனம் மிகவும் நொந்துபோயிற்று. தகப்பனார் தவறிவிட்டார், நாம் அவரை நம்பித் தவறினோம், தம்பி சொன்னதுதான் சரி. சித்திரை வெயில் வேறு. வீட்டுக்கு வந்து, "கண்டென்ஸர் இல்லை. புதிது போட்டும் நிற்கிறது" என்று காகிதத்தில் கொஞ்சம் கோபமாகவே எழுதிக் கொடுத்தோம்.

அவர் படித்துவிட்டு, "புதிது என்றால் நல்லது என்று யார் சொன்னார்கள்?" என்று கேட்டார்.

மூடியைக் கழற்றினோம். பாயிண்டுகள் முன்போலவே கருகியிருந்தன. புது உருளையும் ஒழுகிற்று. இது எந்தக் கடையின் குற்றமும் அல்ல. வழக்கொழிந்த பண்டத்தை வேறு எங்கோ, யாரோ, ஏதோ ஒரு விலைக்குச் செய்து அனுப்புகிறார்கள். ஆனால் யந்திரத்தோடு பழகுகிறவர்கள் அநேகர் தோற்பது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறோம். மாற்றியாயிற்று என்ற காரணத்தினாலேயே அந்தப் பாகத்தின் மேலிருந்த சந்தேகத்தைத் தள்ளிவிட்டு, வேறிடத்தில் தேடப் புறப்பட்டுவிடுகிறோம். நாமும் காயிலை மாற்ற இருந்தோம். அதற்குப் பிறகு போர் போடவும் போயிருப்போம்.

ஊரில் வயோதிக மேஸ்திரி ஒருவர், தொழிலை விட்டுவிட்டு மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். அதில் பழைய காலத்துக் கார் ஒன்றுக்கு உரிய கண்டென்ஸர், எண்ணெய்க் காகிதம் சுற்றினபடியே இருந்தது. "இது கொஞ்சம் பெரிசு, ஸார். உள்ளே அடங்காது. ஆனால் கெபாஸிட்டி ஏறக்குறைய ஒன்றுதான். சிலிண்டர் சூடு படாத இடமாகப் பார்த்து வெளியே மாட்டி, ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள். ஐயா எப்படி இருக்கிறார்கள்? எங்கள் வீட்டு எருமைக்கு ஊசி போட வந்தவராயிற்றே!" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

டாங்குக்கு அடியில் ஒரு தகரப் பட்டையில் அதை மாட்டினோம். பார்வைக்கு அழகாயில்லை. கோயம்புத்தூர்க்காரர் கண்டால் விலையில் பத்தாயிரம் குறைப்பார். இந்தத் தடவை கோயிலுக்கு என்று கிளம்பவில்லை. வைகாசி மாதம் முழுவதும் நாள் தவறாமல் திருவலஞ்சுழி வரையில் போய், பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினோம். ஒரு நாளும் நிற்கவில்லை. ஆனி பிறந்த பிறகுதான் தம்பிக்குச் சொன்னோம். அவன் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்பா என்ன சொல்லுகிறார்?" என்று கேட்டான். "நிறையச் சொல்லுகிறார்" என்றோம். ஆவணியில் அதிகாரி முன்னால் வண்டி ஓடிற்று. பதிவு இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீண்டது.

தகப்பனாரைப் பின்னால் உட்காரவைத்து ஒரு தடவையாவது அழைத்துப் போக வேண்டும் என்று நமக்கு ஆசை. இடுப்பு எலும்பை நினைத்து டாக்டர் கூடாது என்றுவிட்டார். அவருக்கு அதில் வருத்தமில்லை. நாம் கிளம்பும்போது வாசல் திண்ணையில் வந்து உட்காருகிறார். தெருக்கோடி திரும்பும் வரையில் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். திரும்பி வரும்போதும் அங்கேயே இருக்கிறார். பதிவு புதுப்பித்த அன்று இல்லத்தரசியையும் ஏற்றிக்கொண்டு சுவாமிமலை போய் வந்தோம். நாம் கைகால் கழுவிக்கொண்டு வருவதற்குள் நோட்டுப் புஸ்தகத்தின் வலது பக்கத்தில், நடுங்கும் எழுத்தில், அன்றைய வரி ஏறியிருந்தது:

"போக வர 16 கி.மீ. நிற்கவில்லை. வாசலில் நின்று ஓடும்போது அடி சீராக இல்லை. பைலட் ஜெட் பார்க்கவும்."